பதினொன்றே கால் மீட்டர் கொடிக்கம்பம்

எங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரம் ஆறு மீட்டர். அதைப் பதினொன்றே கால் மீட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டித்தான் எனக்குச் சிறந்த கணித ஆசிரியர் விருது கிடைத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேடயம் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் நிற்கிறது. சால்வையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். விருது வந்தது வந்து தொலையட்டும் என்று விட்டுவிடலாம். எனக்குப் போனது வேறு ஒன்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லக்கூட அலுப்பாகத்தான் இருக்கிறது.

புதுச்சத்திரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போனால் வரும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு ராசிபுரத்தில். வருகிற மே மாதத்தோடு ஓய்வு. காலையில் ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்கு வீடு. இடையில் ஏழு பீரியட் இருந்தால் ஐந்தில் நின்றபடியே இருப்பேன். மீதி இரண்டில் ஏதாவது ஆன்லைன் பதிவு இருக்கும். பிள்ளைகளின் செருப்பு அளவைக்கூட நான்தான் ஏற்றியிருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டன. அதைப் பற்றி யாரிடமும் புலம்புவதில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் தினமும் புலம்புவேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்புக்கு ஒரு தப்பு போடுவேன், வேண்டுமென்றே. கூட்டல் வர வேண்டிய இடத்தில் கழித்தல், ஏழெட்டு ஐம்பத்தாறுக்குப் பதில் ஐம்பத்து நான்கு, இப்படி எதையாவது கரும்பலகையில் கலந்து விட்டுவிடுவேன். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்கள் எழுந்து "தப்புங்க டீச்சர்!" என்று கத்த வேண்டும், கத்தியவர் வந்து மஞ்சள் சாக்பீஸால் தன் கையாலேயே திருத்த வேண்டும். பலகையின் இடது மூலையில் ஒரு கட்டம் போட்டிருப்பேன். ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் பசங்க. யார் ஜெயித்தார்களோ அவர்கள் பக்கம் ஒரு கோடு. ஜூன் மாதம் தொடங்கினால் வருடம் முழுக்க அந்த மூலையை யாரும் அழிக்கக் கூடாது.

இந்த வழக்கம் என் புத்திசாலித்தனத்தால் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, காய்ச்சலோடு பாடம் நடத்தினேன். அரையாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தும்போது பார்த்தால் வகுப்பு மொத்தமும் ஒரே கணக்கில் ஒரே தப்பைச் செய்திருக்கிறது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். நீள ஸ்கேலை எடுத்து வரிசையாகக் கையை நீட்டச் சொன்னேன். பாதி வகுப்பு அடி வாங்கிய பிறகு ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தாள். "நீங்க போட்டுக் குடுத்ததுதானுங்க டீச்சர்" என்றாள். பார்த்தேன். நான் போட்டதுதான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன். அவள் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்து, "டீச்சர் போட்டது தப்பா இருக்குமுங்களா?" என்றாள். அடி வாங்கிய கையைப் பாவாடையில் தேய்த்தபடி கேட்டாள். அந்தக் கையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தொடங்கியதுதான் இது. முதலில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை இரண்டு மாதம் இப்படித்தான் போகும். டீச்சரைத் தப்பு என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நாக்கு எழாது. வீட்டில் அப்படிச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள். ஆகஸ்ட் வாக்கில் ஒரு துணிச்சல்காரி சொல்வாள், பிறகு இன்னொருவன், பிறகு கொள்ளை. தீபாவளிக்குள் என் வகுப்பில் காது கிழியும். பக்கத்து வகுப்புத் தமிழய்யா, "ஏனுங்க டீச்சர், அங்க பாடம் நடக்குதுங்களா, சந்தை நடக்குதுங்களா?" என்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். கணக்கில் நான் பெரிய மேதாவி இல்லை. அந்தச் சத்தத்தை உண்டாக்கத் தெரியும், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. வயதாக ஆக நிஜமாகவே தப்பு வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும், கை ஒன்று நினைக்க சாக்பீஸ் ஒன்று எழுதும். பயமே இல்லை. முப்பத்து நான்கு பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். சத்தம் வரவில்லையென்றால் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இந்த வருடப் பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் அப்பா போர்வெல் வண்டி ஓட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ பூமியைத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவளும் போய் அட்டைகளில் அடுக்கிய முட்டைகளில் விரிசல் விட்டதைப் பார்த்து எடுத்துப் போடுவாள். அந்தப் பழக்கம்தானோ என்னவோ, நான் சமன்பாட்டை முடிப்பதற்குள் அவள் எழுந்து நிற்பாள். பசங்க பக்கத்துக் கோடுகளில் பாதிக்கு மேல் அவளுடையது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தலைமை ஆசிரியர் ஒரு தாளை நீட்டினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனுஷன். சுவருக்குச் சொந்தக் கையால் சுண்ணாம்பு அடிப்பவர். பள்ளியில் வருடா வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், வாசலுக்கே வந்து தனியார் பள்ளி வேன்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அவருக்கு அதுதான் கவலை. அந்தத் தாளில் ஓர் அறக்கட்டளை அறிவியல், கணிதம், கணினி ஆசிரியர்களுக்கு விருது கொடுக்கப் போவதாக இருந்தது.

"நீங்க போடுங்க டீச்சர். விருது வாங்குன டீச்சர் இருக்காங்கன்னு வாசல்ல ஒரு ஃபிளெக்ஸ் வெச்சா நாலு புள்ளைங்க சேருமுங்க" என்றார்.

"நல்ல டீச்சர்னு அவிங்கல்ல சொல்லோணும்? நானே போய் நான் நல்ல டீச்சர்னு எழுதிக் குடுக்கறதுங்களா?"

"எல்லா விருதும் அப்படித்தானுங்க."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் என்னை யாரும் மேடையேற்றியதில்லை. யாராவது ஒருத்தர் ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. வீட்டில் படிவத்தை நிரப்பும்போது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏம்புள்ள, நானும் முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சேன். ஒருத்தனாச்சும் சால்வ போத்துனானா?" என்றார். "சில்லறை பாக்கி வெச்சவனுக்கு யாருங்க சால்வ போத்துவாங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

படிவம் பதினாறு பக்கம். ஐந்து வருடச் சாதனைகளை எழுது, புதுமைகளை எழுது, ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் இணை. என்னிடம் ஏது புகைப்படம்? பாடம் நடத்தும்போது யார் படம் எடுப்பார்கள்? தலைமை ஆசிரியரே போனை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய மரக் காம்பஸைப் பலகையில் வைத்து நிற்கச் சொன்னார். "சிரிங்க டீச்சர்" என்றார். வட்டம் போடும்போது எவளாவது சிரிப்பாளா? சிரித்தேன். தப்பு போடும் வழக்கத்தைப் புதுமை என்ற இடத்தில் எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டீச்சர் தப்பாப் போடறாங்கன்னு படிக்கறவங்க நினைச்சுக்குவாங்க. வேண்டாமுங்க. செய்முறைக் கணக்கு ஏதாச்சும் போடுங்க, நிழலை வெச்சு உயரம் அளக்கற மாதிரி" என்றார். என் வழக்கத்தை நானே அடித்துவிட்டு நிழலை எழுதினேன். விவாதம் பண்ணத் தெம்பில்லை.

படிவம் தேறிவிட்டது. குழு நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்க்கும் என்று கடிதம் வந்தது. அதன் பிறகு ஒத்திகை. கணக்கு மிகச் சுலபம். ஒரு மீட்டர் குச்சியை மைதானத்தில் நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். கொடிக்கம்பத்தின் நிழலையும் அளக்க வேண்டும். இரண்டு நிழலுக்கும் என்ன விகிதமோ அதுதான் இரண்டு உயரத்துக்கும். காலை பத்து மணிக்குக் குழு வரும் என்றதால் மூன்று நாளும் பத்து மணிக்கே செய்தோம். குச்சியின் நிழல் எண்பது சென்டிமீட்டர். கம்பத்தின் நிழல் நான்கு மீட்டர் எண்பது. கம்பம் ஆறு மீட்டர். மூன்று நாளும் ஆறு. மூன்றாம் நாள் பிள்ளைகள் அளப்பதற்கு முன்பே ஆறு என்றார்கள்.

குழு வருகிற அன்று காலை வகுப்புக்குள் நுழைந்தால் பலகை பளபளவென்று இருக்கிறது. இடது மூலையில் கட்டத்தைக் காணோம். ஜூனிலிருந்து சேர்த்த கோடுகள் ஒன்றுகூட இல்லை. தலைமை ஆசிரியர் ஈரத்துணி போட்டுத் தானே துடைத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு, சரி, இன்றைக்கு ஒரு நாள் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு வர வேண்டிய குழு பத்துக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. வேறு பள்ளிகளில் தாமதம் என்று போன் வந்தது. பிள்ளைகள் எண்ணெய் வழித்துச் சீவிய தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் காலையில் இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள். எப்போது வந்துவிடுவார்களோ என்று மதியம் டப்பாவைத் திறக்கவேயில்லை. மூன்றே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர். கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மதிப்பெண் போடும் தாளோடு ஓர் அம்மா, வீடியோ எடுக்க ஒரு தம்பி. அவர்களுக்கும் முகம் வாடியிருந்தது. இன்னும் இரண்டு பள்ளி பாக்கியாம்.

நான்கு பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். பெரியவர் வராந்தாவில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து, "குச்சி நிழல் நூத்தம்பதுங்க டீச்சர்! கம்ப நிழல் ஒம்பது மீட்டருங்க!" என்று குரல் வந்தது. பொழுது சாய்ந்தால் நிழல் நீளும். இரண்டு நிழலும் சேர்ந்தே நீளும், விடை அதே ஆறுதான் வரும். அதுதான் அந்தப் பாடமே. ஆனால் என் கை மூன்று நாள் பழக்கத்தில் குச்சி நிழலுக்கு எண்பது என்றே எழுதிவிட்டது. கம்பத்துக்குக் காதில் கடைசியாக விழுந்த ஒன்பதை எழுதியது. ஒன்பதைப் புள்ளி எட்டால் வகுத்தேன். பதினொன்றே கால். எழுதிவிட்டு ஒரு நொடி நின்றேன். எப்போதும் நிற்பதுதான், சத்தத்துக்காக. சத்தம் வரவில்லை. அப்படியானால் சரிதான் என்று விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே அந்தக் கம்பம் நிற்கிறது. பள்ளிக் கட்டடத்தை விட ஒன்றிரண்டு முழம்தான் உயரம். அதைப் போய் நான்கு மாடி உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். பெரியவர் கை தட்டினார். அந்த அம்மா தாளில் வரிசையாகக் குறித்தார்: மாணவர் பங்கேற்பு, துணைக்கருவி, வகுப்பறை ஒழுங்கு. மேசையில் வைத்து எழுதியதால் எனக்குத் தெரிந்தது. ஒழுங்குக்குப் பத்துக்குப் பத்து. விடை சரியா என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

கார் போனதும் மணி அடித்துவிட்டார்கள். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முட்டை பார்க்கும் பெண் மட்டும் நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு விருது வந்துருமுங்களா?"

"பாக்கலாம் சாமி. ஊட்டுக்குக் கிளம்பு, பஸ் போயிரும்."

அவள் போகவில்லை. பலகையைப் பார்த்தாள். "கம்பம் ஆறு மீட்டருங்க டீச்சர்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். எண்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. தலை கிறுகிறுத்தது, பசியா அதுவா தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ பாத்தியா?"

"எல்லாருமே பாத்தோமுங்க. எச்.எம். சார் காலையிலேயே வந்து, இன்னிக்கு ஒருத்தரும் தப்புன்னு கத்தப்படாது, கத்துனா டீச்சருக்கு வர விருது போயிரும்னு சொல்லிட்டாருங்க." பிறகு மெல்லச் சொன்னாள்: "பின்னாடி பெஞ்சுப் பையன் எந்திரிச்சுட்டானுங்க. நாந்தான் சட்டையப் புடிச்சு இழுத்து உட்கார வெச்சேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. டீச்சரைக் காப்பாற்றிவிட்ட பெருமை. திட்டவா முடியும்? இந்தப் பிள்ளைகள் ஜூலை முழுக்கப் பயந்து, ஆகஸ்டில் வாய் திறந்து, ஐந்து மாதமாகப் பழகிய ஒன்றை ஒரே நாளில் விழுங்கியிருக்கிறார்கள். பயத்தால் விழுங்கியிருந்தாலும் பரவாயில்லை. என் மேலுள்ள பிரியத்தால் விழுங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போய்க் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சத்தம் போட வேண்டாம்னுதானுங்க சொன்னேன். நீங்க நெசமாவே தப்புப் போடுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?" என்றார். "விடுங்க டீச்சர், வந்தவங்களுக்கே தெரியல" என்று சமாதானமும் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மதிப்பெண் போட்ட அம்மாதான் எடுத்தார். கம்பம் ஆறு மீட்டர்தான், நான் போட்டது தப்பு என்றேன். "பரவாயில்லைங்க மேடம், விடை முக்கியமில்லை, முறைதான் முக்கியம்" என்றார். முறையே தப்புங்க, காலையில் இருந்த நிழலுக்கும் சாயங்காலம் இருந்த நிழலுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டேன் என்றேன். "உங்க எளிமை யாருக்கு வரும் மேடம்" என்று உருகிப்போனார். சத்தியமாக நான் எளிமைக்காகப் பேசவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது. விருது எனக்குத்தான்.

வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். இரண்டு தடவை வெள்ளைத் தாளை எடுத்தேன். தலைமை ஆசிரியர் ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டிருந்தார். எனக்கும் அந்த ஆசை அடியில் கிடந்துகொண்டேயிருந்தது. அதோடு அலுப்பு. போராட, விளக்க, இன்னொரு கடிதம் எழுத அலுப்பு. போனேன்.

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் பக்கத்து நாற்காலியில் தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அறிவியல் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவை விண்ணப்பித்துக் கிடைத்ததாம். ஐந்து வருடப் புகைப்படம் கேட்டார்களே, எப்படிக் கொடுத்தீர்கள் என்றேன். "ஒரே நாள்ல அஞ்சு சட்டை மாத்தி எடுத்தேன் மேடம். நெஜமா அஞ்சு வருஷமும் பண்ணதுதான். படம்தான் அன்னிக்கு எடுத்தது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முழங்கையில் அமிலம் பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதை யாரும் படம் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பெயரைக் கூப்பிடும்போது ஒரு குறிப்பு வாசித்தார்கள். செய்முறை வழிக் கணிதம், மாணவர் ஒழுங்கு, தன் பிழையையும் தானே ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை. கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் விசில் அடிக்கப் பார்த்தார், முறைத்தேன். பிழையை நான் எங்கே கண்டுபிடித்தேன்? கண்டுபிடித்தவள் அந்த நேரம் பண்ணையில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் வாசலில் ஃபிளெக்ஸ். மரக் காம்பஸோடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கேடயத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு நான் பலகையின் இடது மூலையில் புதிதாகக் கட்டம் போட்டேன். பாடத்தை ஆரம்பித்து, இரண்டாவது வரியில் ஒரு தப்பைப் போட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. மணி அடித்தது. "தப்பு ஒண்ணுமில்லீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க டீச்சர்" என்றார்கள், ஒரே குரலில். டீச்சர் பக்கம் ஒரு கோடு போட்டேன்.

மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். டீச்சர் பக்கம் கோடு ஏறிக்கொண்டே போனது. வேண்டுமென்றே கேனத்தனமான தப்பெல்லாம் போட்டேன். ஏழையும் எட்டையும் கூட்டி முப்பது என்றேன். பின் பெஞ்சில் எவனோ களுக்கென்று சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். "என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் முட்டை பார்க்கும் பெண் எழுந்து கேட்டாள்: "தப்புன்னு சொன்னா விருதைத் திருப்பி வாங்கிக்குவாங்களா டீச்சர்?"

வகுப்பு மொத்தமும் என் முகத்தையே பார்த்தது. இரண்டு வாரமாக இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொன்னேன். சத்தியம் பண்ணினேன். எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குச்சியை நட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். ஆறு மீட்டர் வந்தது. உள்ளே வந்து பலகையில் பதினொன்றே கால் என்று எழுதி, "இது நான் போட்ட தப்பு. நெசமான தப்பு. நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லியிருந்தா எனக்கு அதுதான் விருது" என்றேன். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். தலையாட்டுவது எனக்குப் பிடிக்காத ஒன்று, ஆனாலும் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இருபடிச் சமன்பாடு. மூன்றாவது வரியில் குறியை மாற்றிப் போட்டுவிட்டு நின்றேன். பலகையைப் பார்த்தபடியே நின்றேன், திரும்பினால் பயப்படுவார்களோ என்று. பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. முட்டை பார்க்கும் பெண் எழுந்து வந்தாள். என் பக்கத்தில் வந்து, மேசையில் ஏதோ எடுக்க வந்தவள் மாதிரி குனிந்து, என் காதருகில் சொன்னாள்.

"மூணாவது வரில கழித்தல் வரோணுமுங்க டீச்சர்."

எனக்கு உயிர் வந்தது. "கத்திச் சொல்லு சாமி" என்றேன். "முந்தி சொல்லுவயில்ல, அந்த மாதிரி. கத்து."

அவள் கதவைப் பார்த்தாள். அங்கிருந்து வாசல் தெரியும், வாசலில் ஃபிளெக்ஸ் தெரியும். மறுபடி என் காதருகில் வந்தாள்.

"வெளிய கேட்டுருமுங்க டீச்சர்" என்றாள்.

மஞ்சள் சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். சத்தம் வராமல் அழுத்தாமல் திருத்திவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டாள்.